செக் திரும்பி வந்தா எத்தனை வருஷம்? சட்டமும் நாட்டோட வளர்ச்சியும்

வாசகர் கேள்வி, 15 அக்டோபர் 2024

நேத்து பொருளாதார நோபல் அறிவிச்சிருக்காங்க. அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன்னு மூணு பேர். ஒரு நாடு பணக்கார நாடா ஏழை நாடாங்கறது அங்க இருக்கற சட்டத்தையும் அமைப்புகளையும் பொறுத்ததுன்னு சொல்றவங்க. அப்ப சிங்கப்பூர் சட்டத்த எடுத்து இங்க போட்டா இருபது வருஷத்துல நாமளும் சிங்கப்பூரா? இல்ல பணம் வந்தப்புறம்தான் நல்ல சட்டமெல்லாம் வருமா? தொழில் பண்றவங்க யாராச்சும் சொல்லுங்க.

15 அக்டோபர், இரவு 11:10

சட்டத்துக்கு இங்க பஞ்சமே இல்லீங்க. நம்ம ஒப்பந்தச் சட்டம் 1872ல வந்தது. சிங்கப்பூர்க்காரங்க ஒப்பந்தச் சட்டமும் அதே இங்கிலீஷ்காரன் வேர்ல இருந்து வந்ததுதான். வித்தியாசம் எங்கன்னா, ஒருத்தன் பணம் தரலேன்னு கேஸ் போட்டா எத்தனை நாள்ல காசு கைக்கு வருதுங்கறதுல. உலக வங்கி 2020 அறிக்கையில சிங்கப்பூருக்கு 164 நாள், நமக்கு 1,445 நாள்னு போட்டிருந்தாங்க. கிட்டத்தட்ட நாலு வருஷம். செலவு, வசூலாக வேண்டிய தொகையில 31 சதவீதம். 190 நாட்டுல இந்த ஒரு விஷயத்துல நாம 163வது.

நான் திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மத்த கம்பெனிக்கு கூலிக்கு தைச்சுக் குடுக்கற யூனிட், வெச்சிருக்கேன், பதினாலு மெஷின். எனக்கு இது படிச்சு தெரிஞ்ச விஷயம் இல்ல.

16 அக்டோபர், காலை 6:45

ராத்திரி எழுதுனதுல ஒரு திருத்தம். அந்த உலக வங்கி அறிக்கையவே 2021 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க. 2018, 2020 அறிக்கைகள்ல சீனா, சவுதி, எமிரேட்ஸ், அஜர்பைஜான் நம்பர்கள்ல குளறுபடி நடந்திருக்குன்னு வெளிய வந்துச்சு. தவிர இந்தியாவுக்குன்னு போட்ட நம்பர் டெல்லி, மும்பை ரெண்டு ஊர வெச்சு மட்டும் எடுத்தது. அதனால அத தூக்கிப் பிடிச்சு பேச எனக்கு விருப்பமில்ல. என்னோட நம்பர சொல்றேன். 2,028 நாள்.

16 அக்டோபர், இரவு 10:30

ரெண்டு பேர் அந்த 2,028 என்னன்னு கேட்டிருக்கீங்க.

2016 ஆகஸ்ட் 22 அன்னைக்கு ஒரு பார்ட்டி குடுத்த செக் பேங்க்ல இருந்து திரும்பிருச்சு. 3,80,000 ரூபா. தெரிஞ்ச பார்ட்டிதான், ரெண்டு வருஷமா வேலை செஞ்சு குடுத்துட்டிருந்தேன், பேர் வேண்டாம். செக் பவுன்ஸ் சட்டம் என்ன சொல்லுதுன்னா, பேங்க் தகவல் வந்த 30 நாளைக்குள்ள நான் நோட்டீஸ் விடணும், அவருக்கு 15 நாள் டைம், அப்பறம் ஒரு மாசத்துக்குள்ள நான் கோர்ட்ல புகார் குடுக்கணும். ஒரு நாள் தப்புனாலும் ஏன் தப்புச்சுன்னு நான் தனியா மனு போட்டு கெஞ்சணும். அதே சட்டத்துல 143வது பிரிவு கேஸ ஆறு மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சொல்லுது. அந்த ஆறு மாசத்துக்கு கணக்குக் கேக்க ஆளே இல்ல.

சம்மன் மூணு தடவ திரும்புச்சு, வீடு பூட்டியிருக்குன்னு. அந்த வீட்டுக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில நான் டீ குடிச்சிட்டிருந்தேன், அவரு கார் உள்ள போறத பாத்தேன். 2018லதான் மொத தடவ ஆஜரானாரு. அப்பறம் வாய்தா, வாய்தா, நீதிபதி மாறுதல், அப்பறம் கொரோனா. கடைசியா 2022 மார்ச் 12 லோக் அதாலத்துல 2,60,000க்கு சமாதானம் ஆகி கையெழுத்து போட்டேன், வட்டி கிடையாது.

ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல நிக்குது. என்னை விசாரிக்கற அன்னைக்கு வக்கீல் ஃபைல திறந்து நோட்டீஸ் அனுப்புன ரசீத எடுக்கறாரு, அது சின்ன மெஷின்ல வர்ற வழவழப்பான காகிதம், வெள்ளையா இருக்குது. ஒரு எழுத்து இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல சாச்சு சாச்சு பாத்தோம், நம்பர்ல கடைசி நாலு மட்டும் லேசா தெரிஞ்சுது. சரக்கு அனுப்புனதுக்கு போடற டிசி சீட்டோட கார்பன் காப்பி எல்லாம் ஊதா கலர் பரவி ஈசல் றெக்க மாதிரி ஆயிருந்துச்சு. நல்லவேளை ஒப்புகை அட்டையில மை பேனா கையெழுத்து இருந்ததால தப்பிச்சோம்.

2020ல சுப்ரீம் கோர்ட்டே இத கையில எடுத்து விசாரிச்சுது, 2021ல தீர்ப்பு சொல்லுச்சு. நாட்டுல நிலுவையில இருந்த 2.31 கோடி கிரிமினல் கேஸ்ல 35 லட்சம் செக் கேஸ். அதுல ஒண்ணு என்னோடது.

18 அக்டோபர், இரவு 11:50

"ஒரு லட்சத்து இருபதாயிரம் போச்சு, அவ்வளவுதானே, அதுக்கும் நாட்டு வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்"னு ஒரு நண்பர் கேக்கறாரு. நியாயமான கேள்வி, ரெண்டு நாளா யோசிச்சேன்.

எனக்கு நஷ்டம் அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் இல்லீங்க. 2017ல கல்கத்தாவுல இருந்து ஒருத்தர் வந்தாரு, குழந்தைங்க டி-ஷர்ட், 30,000 பீஸ், பீஸ் ரேட்டு நல்ல ரேட்டு. பேச்சு தன்மையா இருந்துச்சு. சரின்னா மெஷின் இன்னும் பத்து போட்டிருக்கணும். நான் வேண்டாம்னுட்டேன். ஏன்னா அவரு எங்க ஊர்க்காரர் இல்ல, சொந்தம் இல்ல, சொந்தத்துக்கு சொந்தம் கூட இல்ல. பணம் தரலேன்னா யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது? பக்கத்து தெரு ஆள பிடிக்கவே ரெண்டாயிரம் நாள் ஆகுதுன்னா கல்கத்தா ஆள எப்படி பிடிக்கறது.

இன்னைக்கும் எனக்கு நாலு பார்ட்டிதான். நாலு பேரும் தெரிஞ்சவங்க, கல்யாணங்காட்சில பாத்துக்கறவங்க. பாக்கி நின்னா மாமா ஒரு வார்த்த சொல்வாரு, வரும். அதுதான் எனக்கு கோர்ட். அது நல்லா வேலையும் செய்யுது. ஆனா அந்த கோர்ட்டோட எல்லை எங்க சொந்தபந்தம் முடியற இடத்தோட முடிஞ்சுருது. அதுக்கு வெளிய இருக்கறவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் அவனோட நான் தொழில் பண்ண முடியாது. எங்க சாதியில பொறக்காத, சொந்தத்துல மாமா இல்லாத ஒரு பையன் இந்த ஊர்ல யூனிட் போட்டா அவனுக்கு யாரு ஆர்டர் குடுப்பா? அவனும் யாரை நம்புவான்?

பணக்கார நாட்டுல முன்னபின்ன தெரியாதவனோட தைரியமா வியாபாரம் பண்றாங்க. ஏமாத்துனா என்ன நடக்கும், எத்தனை மாசத்துல நடக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனாலதான் முக்காவாசி சண்டை கோர்ட்டுக்கே போகாம முடியுது. எனக்கு கோர்ட் பதினாலு மெஷின்லயே நிக்க வெச்ச வேலையத்தான் செஞ்சிருக்கு.

20 அக்டோபர், மதியம் 2:15

அப்ப வங்கதேசம் எப்படி வளர்ந்துச்சுன்னு கேட்டவருக்கு. நல்ல இடத்துல பிடிச்சீங்க. அதே உலக வங்கி பட்டியல்ல ஒப்பந்த வழக்குல நம்மளவிட கீழ, 189வது இடம். கடைசிக்கு ஒண்ணு மேல. ஆனா பனியன், சட்டைன்னு எடுத்தா நம்மள எப்பவோ தாண்டிட்டாங்க. அப்ப நான் சொன்னது தப்பா?

சாயங்காலம் எழுதறேன், லோடு ஏத்தணும்.

20 அக்டோபர், இரவு 10:05

முழுசா தப்பில்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்கேன்.

அவங்க கோர்ட்ட சரி பண்ணிட்டு வளரல. கோர்ட்டே தேவைப்படாத மாதிரி ஒரு வழிய போட்டாங்க. 1978ல தேஷ் கார்மெண்ட்ஸ்னு ஒரு கம்பெனி கொரியாக்காரங்க டேவூவோட ஒப்பந்தம் போட்டு, சுமார் 130 பேர கொரியாவுக்கு அனுப்பி தொழில் கத்துக்க வெச்சாங்க. அதோட ரெண்டு விதி வந்துச்சு. ஒண்ணு, ஏற்றுமதிக்குத் தைக்க இறக்குமதி பண்ற துணிய வரி கட்டாம பாண்டட் குடோன்ல வெச்சுக்கலாம். ரெண்டாவது, வெளிநாட்டு பையர் திறந்த எல்சிய (பணம் தரேன்னு பேங்க் குடுக்கற உறுதிக் கடிதம்) அடமானமா வெச்சு அதே பேங்க்ல துணி வாங்க இன்னொரு எல்சி திறந்துக்கலாம். கையில முதலே இல்லாதவன் கூட ஃபேக்டரி ஆரம்பிக்கலாம்.

எல்சின்னா தெரியாதவங்களுக்கு: பையர் நல்லவனா கெட்டவனான்னு நான் பாக்க வேண்டாம், பேப்பர் எல்லாம் சரியா இருந்தா பேங்க் பணம் குடுக்கும். அந்த விதிய எந்த நாட்டு சட்டசபையும் போடல. பாரிஸ்ல இருக்கற சர்வதேச வணிகச் சபை 1933ல எழுதுனது, இப்ப ஓடறது 2007ல வந்த பதிப்பு. டாக்காவுலயும் அதுதான், திருப்பூர்லயும் அதுதான், ஹாம்பர்க்லயும் அதுதான். ஒரு தேதியோ தொகையோ தப்புனாகூட பேங்க்காரன் பேப்பர திருப்பி விடுவான், அவ்வளவு கறார்.

இத எழுதறப்பதான் எனக்கே ஒண்ணு உறைச்சுது. நான் தைக்கற பனியனுக்கு எங்க எக்ஸ்போர்ட்டர் ஜெர்மனிக்காரன்கிட்ட எல்சி வாங்கிக்கறாரு. இப்ப நிறைய பேர் எல்சி இல்லாம அனுப்பறாங்க, அது வேற, அதுக்கும் கடன் இன்சூரன்ஸ் இருக்கு. ஆக ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல தாண்டி இருக்கற கடனுக்கு காவல் இருக்கு. அதே எக்ஸ்போர்ட்டர் ஆறு கிலோமீட்டர்ல இருக்கற எனக்கு தர வேண்டிய கடனுக்கு காவல் இல்ல. என்கிட்ட இருந்து டெய்லருக்கு போற கூலிக்கு சனிக்கிழமை சாயங்காலம் என் மனசாட்சிதான் காவல். நோபல்காரங்க நாட்டுக்கு நாடு வித்தியாசம் பாக்கறாங்க. ஒரே பனியனுக்குள்ளயே பணக்கார நாட்டு சட்டமும் ஏழை நாட்டு சட்டமும் இருக்குது.

21 அக்டோபர்

சனிக்கிழமை சம்பளம் என்னன்னு கேட்டவங்களுக்கு: இங்க வாரச் சம்பளம். எனக்கு பேமெண்ட் 90 நாள், சில சமயம் 120. டெய்லருக்கு 7 நாள். நடுவுல இருக்கற தூரத்த நான் வட்டிக்கு வாங்கித்தான் கடக்கறேன்.

24 அக்டோபர், இரவு 9:40

"சின்ன தொழிலுக்குன்னு தனிச் சட்டமே இருக்கே, நீங்க ஏன் பயன்படுத்தல"ன்னு ஒரு ஆடிட்டர் நண்பர் எழுதியிருக்காரு.

இருக்குதுங்க. 2006ல வந்த சட்டம். வாங்குனவர் 45 நாளைக்குள்ள பணம் தரணும். தரலேன்னா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற 'பேங்க் ரேட்'டுங்கற வட்டி விகிதத்தப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டி. 2024 அக்டோபர்ல பேங்க் ரேட் 6.75, அந்தக் கணக்குல 20.25 சதவீதம். இதுக்குன்னு மாநில அரசு வெச்சிருக்கற கவுன்சில் 90 நாள்ல முடிவு சொல்லணும். அத எதுத்து அவர் கோர்ட்டுக்குப் போனா 75 சதவீதத்த மொதல்ல கட்டணும். படிச்சா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு அழகான சட்டம்.

இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு அந்த வட்டிய பில்லுல போட்டுக் கேட்ட ஆள் ஒருத்தர்கூட இல்ல. கேட்டா அடுத்த ஆர்டர் இல்ல. அந்த பார்ட்டியோட நின்னாக்கூட பரவால்ல, "அவன் கேஸ் போடறவன்"னு ஒரு பேர் வந்துரும், அந்தப் பேரோட பல்லடம் ரோட்ல ஒரு கம்பெனி வாசல்லயும் நிக்க முடியாது. ஏழைக்கு சட்டம் தெரியலேன்னு சொல்றாங்க, எங்களுக்கு சட்டம் நல்லாவே தெரியும்.

அதனாலதான் 2023 பட்ஜெட்ல வருமான வரிச் சட்டத்துல கொண்டு வந்த 43பி-எச் பிரிவு எனக்குப் பிடிச்சுது. நான் கேக்கவே வேண்டாம். 45 நாளைக்குள்ள எனக்கு பணம் தரலேன்னா அந்தச் செலவ அந்த வருஷக் கணக்குல கழிக்க முடியாது, வருமான வரி அவருக்கு ஏறும். போன மார்ச் கடைசி வாரம் எனக்கு வந்த பேமெண்ட் மாதிரி என் வாழ்நாள்ல வந்ததில்ல. ஃபோன் பண்ணி அக்கவுண்ட் நம்பர் கேட்டாங்க! ஒரு தாக்கல் இல்ல, ஒரு வாய்தா இல்ல.

25 அக்டோபர், காலை

ஆடிட்டர் நண்பர் திருத்தியிருக்காரு, நன்றி. எழுத்துல ஒப்பந்தம் இருந்தாதான் 45 நாள் வரைக்கும் போகும். இல்லேன்னா 15 நாள்தான். என்கிட்ட எந்தப் பார்ட்டியோடயும் எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அப்ப இத்தன வருஷமா எனக்கு 15 நாள்ல வரவேண்டிய பணத்துக்கு 90 நாள் காத்திருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். இந்த விதிக்கு பயந்துட்டு சில பார்ட்டிங்க உத்யம் பதிவ (சின்ன தொழில்னு அரசாங்கத்துல செய்யற பதிவு) ரத்து பண்ணிட்டு வாங்கன்னு சின்ன யூனிட்டுங்ககிட்ட கேட்டிருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பண்ணியும் குடுத்துட்டாரு. ரெண்டு பொண்ணு படிக்குது, அவரு என்ன பண்ணுவாரு.

அப்பறம் திவால் சட்டம் கேட்டிருந்தீங்க. 2016ல வந்தப்ப ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே ஒரு கம்பெனி மேல மனு போடலாம், நோட்டீஸ் போனதுமே சில பேர் செட்டில் பண்ணாங்க. 2020 மார்ச்ல அத ஒரு கோடியா ஏத்திட்டாங்க. எங்க மாதிரி ஆளுக்கு அந்தக் கதவு சாத்தியாச்சு. கம்பெனி, எல்எல்பின்னா மட்டும்தான் அதுவும், இங்க பாதிக்கு மேல தனி ஆள் பேர்லயும் பார்ட்னர்ஷிப்லயும் ஓடுது.

28 அக்டோபர்

தீபாவளி போனஸ் வாரம். முடிஞ்சதும் வரேன். ஒரு பார்ட்டி "வெள்ளிக்கிழமை பாக்கலாங்க"ன்றாரு, தீபாவளியே வியாழக்கிழமை.

3 நவம்பர், இரவு 11:20

போனஸ் குடுத்தாச்சு. எப்படின்னு கேக்காதீங்க, வீட்டுக்காரம்மா வளையல் பேங்க்ல இருக்கு.

சீனா பத்தி ரெண்டு பக்கமும் சண்டை போட்டிருக்கீங்க. "சட்டம் இல்லாமலே வளர்ந்தாங்க"ன்னு ஒரு கட்சி, "கம்யூனிஸ்ட் ஆட்சியில கட்டளையே சட்டம்"னு ஒரு கட்சி. நான் படிச்சதுல எனக்குப் பிடிச்சது சியாவ்காங்னு ஒரு கிராமம், அன்ஹுய் மாகாணம். 1978 கடைசியில 18 விவசாயிங்க ராத்திரில ஒரு வீட்ல கூடி ஒரு தாள்ல கைநாட்டு வெச்சாங்க. கூட்டுப் பண்ணை நிலத்த வீட்டுக்கு வீடு பிரிச்சுக்கறது, அரசாங்கத்துக்கு தர வேண்டியத குடுத்துட்டு மிச்சம் அவங்கவங்களுக்கு. அது அன்னைக்கு சட்டவிரோதம். பிடிபட்டு தலைவருங்க ஜெயிலுக்குப் போனா அவங்க பிள்ளைங்கள 18 வயசு வரைக்கும் மத்தவங்க வளர்ப்போம்னும் எழுதியிருந்தாங்க. அடுத்த வருஷம் விளைச்சல் பல மடங்கு. மேல இருந்தவங்க தண்டிக்காம விட்டு, அப்பறம் நாடு முழுக்க அதையே கொண்டு வந்தாங்க. சீனாவுல சொத்துச் சட்டம்னு முறையா வந்தது 2007ல. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு.

அப்ப சட்டம் முக்கியமில்லையான்னா, அந்தக் கைநாட்டுத்தாள விட பெரிய சட்டம் எது? "நீ விளைவிச்சது உன்னோடது"ங்கற வாக்கு, அதுக்கு ஒருத்தன் புள்ளைய இன்னொருத்தன் வளர்க்கற அளவுக்கு ஜாமீன். ஆனா இதுல எனக்கு ரெண்டாவது யோசனையும் உண்டு. மேல இருக்கறவன் மனசு வெச்சதால தப்பிச்ச உரிமை, அவன் மனசு மாறுனா போயிரும். அங்க கிராமத்து நிலத்த எடுத்து கட்டடக்காரனுக்கு குடுத்ததுக்கு எத்தனை போராட்டம் நடந்துச்சு.

5 நவம்பர், இரவு 10:15

நான் கோர்ட் வேகமா நடந்தா எல்லாம் சரியாயிரும்ங்கற மாதிரி எழுதிட்டேன்னு தோணுது. அப்படி இல்ல. பர்மாவ பாருங்க.

என்னோட காலேஜ்ல படிச்சவன் காரைக்குடிப் பக்கம். அவங்க வீட்டு மாடியில ஒரு டிரங்குப் பெட்டி, உள்ள பர்மா நிலப் பத்திரம், அரக்கு முத்திரையோட. செட்டியாருங்க தங்களுக்குள்ள நடப்பு வட்டின்னு பேசி வெச்சு, ஒரு வார்த்தையில லட்சக்கணக்குல கைமாத்துனவங்க, அதுக்கு கோர்ட்டே வேண்டியிருக்கல. ஆனா பர்மா விவசாயிக்கு கடன் குடுத்தப்ப நிலத்த அடமானமா வாங்குனாங்க, அதுக்குப் பின்னால பிரிட்டிஷ் சட்டம் நின்னுச்சு. அதனால கடன் தாராளமா ஓடுச்சு, கீழ் பர்மா உலகத்துக்கே அரிசி அனுப்புச்சு. 1930ல நெல் விலை விழுந்துச்சு, கடன் திரும்பல, சட்டம் சொன்னபடி நிலம் கைமாறுச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டத்துல செட்டியாருங்க கையில 1930ல 6 சதவீத நிலம், 1938 வாக்குல 25 சதவீதம். அவங்க நிலம் வேணும்னு போகல, காசுதான் வேணும், ஆனா உழுதவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்? அப்பறம் 1948ல நில தேசியமயச் சட்டம். சட்டத்தால வந்தது சட்டத்தாலயே போச்சு. விவசாயியும் அழிஞ்சான், கடன் குடுத்தவனும் அழிஞ்சான்.

ரெண்டு பக்கமும் காப்பாத்துற மாதிரி ஒரு தவணை நீட்டிப்போ, திவால் பாதுகாப்போ அன்னைக்கு இருந்திருந்தா அந்தப் பெட்டி அப்படி மூடிக் கிடக்காதுன்னு நெனைக்கறேன்.

6 நவம்பர்

"சட்டம்தான் தொழில கெடுக்குது, 2011ல சாயப்பட்டறைய மூடுனாங்களே"ன்னு எழுதுனவருக்கு. அந்த வருஷம் நானும் வேலையில்லாம இருந்தவன்தான், ஜனவரி 28 அன்னைக்கு ஹைகோர்ட் மூடச் சொன்ன உத்தரவு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா சொட்டு சாயத்தண்ணிகூட வெளிய விடக்கூடாதுன்னு 2006லயே சொல்லியாச்சு. அத நாலு வருஷம் நிறைய பேர் மதிக்கல. சாயத்தண்ணி கலந்த நொய்யல் ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணிய குடிச்ச மாடும், அதுல பாஞ்சு பாழான தென்னந்தோப்பும் யாரோட நஷ்டக் கணக்குல வந்துச்சு? எங்க லாபத்துல ஒரு பங்கு நொய்யல் விவசாயி பாக்கெட்ல இருந்து எடுத்தது. எடுத்த காசுக்கு பேர் வளர்ச்சி இல்ல.

10 நவம்பர், இரவு 11:00

வங்கதேசத்த புகழ்ந்துட்டு, அங்க இடிஞ்சு விழுந்த தையல் ஃபேக்டரிக் கட்டடம் ரானா பிளாசாவ விட்டுட்டேன், அது உறுத்திட்டே இருந்துச்சு.

2013 ஏப்ரல் 24. மொத நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சுது. அதே கட்டடத்துல இருந்த பேங்க், கடைய எல்லாம் மூடிட்டாங்க. தையல் ஆளுங்கள மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க. கட்டடம் விழுந்து 1,134 பேர் செத்தாங்க. கட்டட விதி அந்த நாட்டுல இல்லாம இல்ல, மேல் மாடிகள அனுமதி இல்லாம கட்டியிருந்தாங்க. நான் முன்ன சொன்னேனே, பையர்ல இருந்து பேங்க் வரைக்கும் ஒரு தேதிகூட தப்பாத விதி, அது மெஷின் முன்னால உக்காந்திருக்கற பொண்ணு வரைக்கும் வரவே இல்ல.

அப்பறம் மே மாசம் ஒண்ணு நடந்துச்சு. வெளிநாட்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் அக்கார்டுன்னு ஒப்பந்தம் போட்டாங்க, வழக்கமான ஆடிட் சர்டிபிகேட் மாதிரி இல்லாம சட்டப்படி கட்டுப்படுத்தற ஒப்பந்தம். 200க்கு மேல பிராண்டு, 1,600க்கு மேல ஃபேக்டரி. மீறுனதா ரெண்டு பிராண்டு மேல சங்கங்கள் ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கே போச்சு, ரெண்டும் 2018க்குள்ள சமாதானத்துல முடிஞ்சுது. தூண், தீயணைப்பு கதவு, மின்சார வயர்னு உண்மையாவே மாத்துனாங்க. டாக்கா கோர்ட் சரியாகற வரைக்கும் அந்தப் பொண்ணுங்க காத்திருக்கல. எனக்கு இதுலதான் நம்பிக்கை. முழு கோட்டையையும் கட்ட முடியலேன்னாலும் ஒரு கதவுக்கு பூட்டு போடலாம்.

19 நவம்பர், இரவு 9:30

மொதல்ல கேள்வி கேட்ட தம்பி, "அப்ப நீங்க என்ன மாத்துனீங்க"ன்னு கேட்டிருந்தார்.

புதுசா ஒரு பார்ட்டி, லூதியானா. சொந்தம் இல்ல, பந்தம் இல்ல. 8,000 பீஸ் முழுக்கை டி-ஷர்ட். நான் மொத தடவையா எழுத்துல கேட்டேன், கேக்கறப்ப தொண்டை அடச்சுது. பீஸ் ரேட்டு, 30 சதவீதம் முன்பணம், மிச்சம் டெலிவரியில இருந்து 45 நாள், பில்லுலயும் டிசிலயும் என் உத்யம் நம்பர். ஒரு பக்கம்தான், ஆடிட்டர் நண்பர் பாத்துக் குடுத்தாரு. அவங்க ஒரு வார்த்த மறுக்கல. "இது இல்லாம எப்படிங்க பண்ணுவீங்க"ன்னு இந்தியில கேட்டாங்க.

முன்பணம் வந்துருச்சு. நாளைக்கு 20ஆம் தேதி லோடு போகுது. லாரி ரசீத இப்பவே ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வெக்கறதுக்கு பையன்கிட்ட சொல்லியிருக்கேன். கணக்குப்படி ஜனவரி 4. வந்துச்சா இல்லையான்னு இங்கயே எழுதறேன்.